வாசகர் கேள்வி – பதில்: தேடும் கண்ணின் தடம்

கண் அசைவைப் பதிவு செய்யும் ஐ டிராக்கரை வைத்து, ஒருவர் ஒரு பொருளைக் கண்ணால் எப்படித் தேடுகிறார் என்று ஆராய்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கண் ஓரிடத்தில் நிற்பதை ‘நிலைப்பு’ என்றும், அங்கிருந்து இன்னோர் இடத்துக்குப் பாய்வதைத் ‘தாவல்’ என்றும் எழுதியிருக்கிறோம். தேடும்போது ஒரு நிலைப்பு பெரும்பாலும் 180 முதல் 275 மில்லிநொடி வரை நீடிக்கும். தாவல் சில பத்து மில்லிநொடிகளில் முடிந்துவிடும்.

கேள்வி: தேடல் சோதனையில் பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்தே முடிவுக்கு வரலாமே? கண்ணையும் ஏன் பதிவு செய்ய வேண்டும்? (உளவியல் முதுகலை மாணவி)

பொத்தான் நேரத்தை மட்டும் வைத்து இந்தத் துறை வெகுதூரம் வந்திருப்பது உண்மைதான். 1980இல் ஆன் டிரீஸ்மனும் கேரி ஜெலேடும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு அப்படிச் செய்யப்பட்டதே. பச்சைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு இருந்தால், திரையில் எத்தனை உருவங்கள் இருந்தாலும் கண்டுபிடிக்கும் நேரம் ஏறக்குறைய மாறாது. பல கோணங்களில் திரும்பிக் கிடக்கும் ‘எல்’ எழுத்துகளுக்கு நடுவே ஒரு ‘டி’யைத் தேடச் சொன்னால், ஒவ்வொரு உருவம் கூடும்போதும் நேரம் ஏறும். இதைக் கண்டறியப் பொத்தான் போதும்.

ஆனால் பொத்தான் தருவது ஒரே ஓர் எண். அந்த எண்ணுக்குள் என்ன நடந்தது என்று அது சொல்லாது. 16 எழுத்துகள் உள்ள ஒரு திரை, பதில் 2,010 மில்லிநொடியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நபரின் கண் 210 மில்லிநொடி வரை நடுப்புள்ளியிலேயே நிற்கிறது. பிறகு ஐந்து இடங்களில் நின்று, 1,480ஆவது மில்லிநொடியில் ‘டி’யின் மேல் வந்து இறங்குகிறது. அங்கேயே இருந்து, 530 மில்லிநொடி கழித்துப் பொத்தான் அழுத்தப்படுகிறது.

இரண்டாம் நபருக்கும் அதே 2,010தான். ஆனால் இவர் கண் 930இலேயே ‘டி’யின் மேல் வந்துவிட்டது. 180 மில்லிநொடி நின்றது, விட்டுவிட்டுப் போனது, இரண்டு ‘எல்’களைப் பார்த்தது, 1,610இல் திரும்பி வந்தது, அப்புறம்தான் விரல் அசைந்தது. முதல் நபருக்குத் தேடுவதில் நேரம் போனது. இரண்டாமவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், ‘இதுதானா’ என்று முடிவு செய்வதில் தடுமாறினார். பொத்தானைப் பொறுத்தவரை இருவரும் ஒன்றே.

அதனால்தான் தேடல் நேரத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: திரை தோன்றியதிலிருந்து முதல் தாவல் வரை தொடக்க நேரம், அங்கிருந்து இலக்கின் மேல் முதல் முறை கண் விழும் வரை தேடும் நேரம், அதற்குப் பின் பொத்தான் வரை சரிபார்க்கும் நேரம். உங்கள் சோதனை மாற்றம் (குறிப்பு கொடுப்பது, பின்னணியைக் குழப்புவது, பழக்கம் தருவது) எந்தப் பகுதியைத் தொட்டது என்பதுதான் நீங்கள் தேடும் விடை. இப்படிப் பிரிக்கத் தேவையில்லாத கேள்வி என்றால் ஐ டிராக்கர் வேண்டாம். பொத்தானோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வேலை பாதியாகும்.

கேள்வி: நான் எங்கே பார்க்கிறேன் என்று கருவிக்கு எப்படித் தெரிகிறது? 60 ஹெர்ட்ஸ் போதுமா, 1000 வேண்டுமா?

அகச்சிவப்பு விளக்கு ஒன்று கண்ணில் ஒளி பாய்ச்சுகிறது. கேமரா படத்தில் இரண்டு விஷயங்கள் தெரியும்: கறுப்பு வட்டமாகக் கண்மணி, கார்னியாவின் (கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) மேல் சின்ன வெள்ளைப் புள்ளியாக அந்த விளக்கின் பிரதிபலிப்பு. கண் திரும்பினால் கண்மணி நகரும். வெள்ளைப் புள்ளி அதே அளவு நகராது. தலை லேசாக அசைந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். ஆகவே இரண்டுக்கும் இடையிலான தூரத்தையும் திசையையும் அளந்தால் பார்வைத் திசை கிடைக்கும். அதைத் திரையின் இடமாக மாற்றத்தான் கேலிபரேஷன்: திரையில் ஒவ்வோர் இடமாகப் புள்ளி காட்டி, அதைப் பார்க்கச் சொல்லிக் கருவியைப் பொருத்துவது.

60 ஹெர்ட்ஸ் என்றால் 16.7 மில்லிநொடிக்கு ஒரு பதிவு. 40 மில்லிநொடித் தாவலுக்குள் இரண்டு மூன்று புள்ளிகள்தான் விழும். தாவலின் வேகத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது. நிலைப்புகளின் எண்ணிக்கை, எந்த உருவத்தில் எவ்வளவு நேரம் போன்றவற்றைச் சொல்லலாம். நிலைப்பு நேரத்தை நம்பி எழுத 250 ஹெர்ட்ஸ் வசதி. தாவலின் உச்ச வேகம் வேண்டும், அல்லது கண் நகரும்போதே திரையை மாற்ற வேண்டும் என்றால் 500க்கு மேல் போங்கள்.

கேள்வி: திரை, தூரம், எழுத்தின் அளவு – இவற்றை எப்படித் தீர்மானிப்பது? எங்கள் முதல் சோதனையில் பலர் கண்ணையே அசைக்காமல் விடை சொல்லிவிட்டார்கள்.

எழுத்து பெரிதாகவும் இடைவெளி தாராளமாகவும் இருந்திருக்கும். ஓரப் பார்வையிலேயே ‘டி’ தெரிந்துவிட்டால் கண் எதற்காக நகர வேண்டும்?

சென்டிமீட்டரிலும் பிக்சலிலும் யோசிப்பதை விட்டுவிட்டு டிகிரியில், அதாவது பொருள் கண்ணில் ஏற்படுத்தும் கோணத்தில், யோசியுங்கள். 57 சென்டிமீட்டர் தூரத்தில் 1 சென்டிமீட்டர் என்பது 1 டிகிரி. தலையைத் தாங்கியில் வைக்கும் வகைக் கருவிகளுக்கு, கண்ணுக்கும் திரைக்கும் இடையே திரை அகலத்தைப் போல் குறைந்தது 1.75 மடங்கு தூரம் வைப்பது வழக்கம். 1920 பிக்சல் கொண்ட 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். எனவே 93 சென்டிமீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் முழுத் திரை சுமார் 32க்கு 18 டிகிரி. 1 டிகிரி என்பது 1.6 சென்டிமீட்டர், அதாவது 59 பிக்சல்.

இனி அந்த இடத்தை 4 டிகிரிக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஏழு நிரல், நான்கு நிரை, மொத்தம் 28. நடுப்புள்ளியை ஒட்டிய இரண்டு கட்டங்களை விட்டுவிடுங்கள். பார்வை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இலக்கு அங்கே விழுந்தால் அது தேடல் அல்ல. மீதி 26 கட்டங்களில் 8, 16, 24 உருவங்கள் என மூன்று நிலைகளை அமைக்கலாம். ஒவ்வோர் எழுத்தையும் கட்டத்தின் நடுவிலிருந்து எத்திசையிலும் அரை டிகிரிக்குள் தள்ளி வையுங்கள். வரிசை ஒழுங்கு கலையும், அதே சமயம் எந்த இரண்டு எழுத்தின் மையமும் 3 டிகிரிக்குக் கீழே நெருங்காது.

இந்த இடைவெளிக்கு இன்னொரு பயனும் உண்டு. ஓரப் பார்வையில் ஓர் எழுத்தை அடையாளம் காண, பக்கத்து எழுத்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும்? பார்வை மையத்திலிருந்து அந்த எழுத்து இருக்கும் தூரத்தில் ஏறக்குறைய பாதி என்று 1970இல் பவுமா என்ற ஆய்வாளர் காட்டினார். 8 டிகிரி தள்ளியிருக்கும் எழுத்துக்கு 4 டிகிரிக்குள் அண்டை எழுத்து இருந்தால் இரண்டும் குழம்பும். ஆக, நம் கட்டத்தில் 24 எழுத்துகள் நிறையும்போது, தூரத்து எழுத்தைத் தெரிந்துகொள்ளக் கண் நகர்ந்தே தீர வேண்டும். 8 எழுத்துத் திரையில் அப்படியில்லை. அங்கே கண் அதிகம் ஓடாவிட்டால் கருவியைச் சந்தேகிக்காதீர்கள்.

‘கண் ஒரு நேரத்தில் ஓர் எழுத்தைத்தான் பார்க்கும்’ என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுவது நல்லது. ‘டி–எல்’ தேடலில் உருவம் ஒன்றுக்குக் கூடும் நேரம் பொதுவாகச் சில பத்து மில்லிநொடிகளே. ஒரு நிலைப்போ இருநூறுக்கு மேல். கணக்குப் போட்டால் ஒரு நிலைப்பிலேயே பல எழுத்துகள் சலித்து எடுக்கப்படுகின்றன என்று தெரியும்.

கேள்வி: சிலருக்குக் கேலிபரேஷன் எத்தனை முறை செய்தாலும் சரியாக வரவில்லை. என்ன செய்வது? (ஆய்வக உதவியாளர்)

முதலில் எண்ணைப் பார்க்காமல் கேமரா படத்தைப் பாருங்கள். பெரும்பாலான காரணங்கள் அங்கேயே தெரியும்.

கண்மணியின் மேல் பகுதி வெட்டுப்பட்டு அரைநிலா போல் தெரிந்தால் இமைதான் குற்றவாளி. மேல் இமை மறைக்கும்போது, கருவி கணக்கிடும் மையம் கீழே இறங்கும். பார்வையும் கீழே இருப்பதாகப் பதிவாகும். தூக்கம் சொக்கும் நபருக்கு இது சோதனை போகப் போக மெல்ல மெல்ல நடக்கும் என்பதால் கவனிக்காமலேயே போய்விடலாம். கீழ் மூலைப் புள்ளிகள் மட்டும் கெட்டால் முகவாய்த் தாங்கியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், அல்லது திரையை உயர்த்துங்கள். கீழே பார்க்கும்போதுதான் இமை அதிகம் இறங்கும். ஆனால் அளவு மீறினால் மேல் மூலைகள் கெடும்: கேமராவும் விளக்கும் கீழே இருப்பதால், கண் மிக மேலே போகும்போது வெள்ளைப் புள்ளி கார்னியாவை விட்டு வழுக்கி வெண்விழியில் சிதறிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரம் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அது மாறும். ‘கண்ணை அகலத் திறவுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு நிமிடம் திறப்பார்கள், பிறகு கண் எரிந்து நீர் வரும், படம் மங்கும்.

மஸ்காரா போட்ட இமை முடி அகச்சிவப்புப் படத்தில் கறுப்பாகவே தெரியும்; கண்மணியைத் தேடும் மென்பொருள் அதையும் சேர்த்துப் பிடிக்கும். வருவதற்கு முன்பே போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடி அணிந்தவரின் படத்தில் விளக்கின் பளிச்சிடும் திட்டு கண்மணியின் மேல் விழுந்தால், கண்ணாடிக் கால்களைக் காதுக்கு மேல் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியின் சாய்வு மாறித் திட்டு விலகும். தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் ஒரே கண்ணாடியில் வெவ்வேறு பவர் உள்ளவர்களுக்கு அது உதவாது. கண் மேலும் கீழும் போகும்போது ஒளி வளையும் அளவே மாறுவதால் அத்தகையோரைத் தேர்விலேயே தவிர்ப்பது நல்லது. கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் வழுக்கும், விளிம்பில் இரண்டாவது பிரதிபலிப்பு தோன்றும்.

சூரிய ஒளியிலும் இழை பல்பிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. ஜன்னலை மூடுங்கள், எல்இடி விளக்கு போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பிழை வந்தால் இரண்டைச் சந்தேகிக்கலாம். ஒன்று, அவர் அடுத்த புள்ளி எங்கே வரும் என்று ஊகித்து முன்கூட்டியே ஓடுகிறார். புள்ளிகளின் வரிசையைக் கலைத்துப் போடுங்கள், கண் நின்ற பிறகு நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். புள்ளியும் வெறும் பெரிய வட்டமாக இருக்கக் கூடாது. நடுவில் சிறு குறி வேண்டும், இல்லையென்றால் வட்டத்தின் எந்த இடத்தையும் பார்ப்பார்கள். இரண்டாவது, வெளிச்ச மாற்றம். கறுப்புப் பின்னணியில் கேலிபரேஷன் செய்துவிட்டு வெள்ளைப் பின்னணியில் சோதனை நடத்தினால் கண்மணி சுருங்கும். சுருங்கும்போது அதன் மையம் சரியாக அதே இடத்தில் இருப்பதில்லை. கண் அசையாமலேயே பார்வை நகர்ந்ததாகப் பதிவாகும். இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம் வையுங்கள். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

ஒன்பது புள்ளி வைத்து, உடனே இன்னொரு முறை சரிபார்ப்பு. சராசரிப் பிழை 0.5 டிகிரிக்குள், எந்தப் புள்ளியிலும் 1 டிகிரிக்குள் இருந்தால் தொடங்கலாம். மூன்று முயற்சியில் வராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். மோசமான பதிவைப் பிறகு எந்தக் கணக்கும் சரி செய்யாது. ஒவ்வொரு சுற்றுக்கும் (ஒரு திரை தோன்றிப் பதில் வருவது ஒரு சுற்று) முன் நடுப்புள்ளியைப் பார்க்க வைத்து விலகலைப் பாருங்கள். 1 டிகிரியைத் தாண்டினால் மறுபடி கேலிபரேஷன்தான். 40, 50 சுற்றுக்கு ஒரு முறை ஓய்வு கொடுங்கள். ஓய்வுக்குப் பின் தாங்கியில் தலை வைத்ததும் எப்படியும் மறுபடி செய்ய வேண்டும்.

கேள்வி: அகச்சிவப்பு ஒளி கண்ணைக் கெடுக்காதா?

ஒளிப் பாதுகாப்புக்கான ஐஇசி 62471 தரத்தில் சோதிக்கப்பட்ட கருவியைச் சொன்ன தூரத்தில் பயன்படுத்தினால் பயமில்லை. சொந்தமாக எல்இடி கோத்துச் செய்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கண்மணி சுருங்காது, கூச்சம் வந்து இமையும் மூடாது. அளவிடாமல் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

கேள்வி: பதிவிலிருந்து நிலைப்புகளைப் பிரித்தெடுக்கும்போது எந்த அளவுகோல்? நண்பரும் நானும் ஒரே தரவில் வெவ்வேறு எண்ணிக்கை பெறுகிறோம்.

வியப்பில்லை. மென்பொருளில் உள்ள எல்லையை நீங்கள் ஒன்றும் அவர் ஒன்றுமாக வைத்திருப்பீர்கள். வேகத்தை வைத்துப் பிரிப்பதென்றால் நொடிக்கு 30 டிகிரி என்ற எல்லை பரவலாகப் பயன்படுகிறது: அதற்கு மேல் தாவல், கீழே நிலைப்பு. இரைச்சல் (பதிவில் வரும் தற்செயல் ஏற்ற இறக்கம்) மிகுந்த 60 ஹெர்ட்ஸ் பதிவில் இது நிலைப்பைத் துண்டு துண்டாக்கும். அங்கே, குறைந்தது 100 மில்லிநொடியாவது 1 டிகிரிக்குள் அடங்கிய புள்ளிக் கூட்டமே நிலைப்பு என்று சிதறலை வைத்துப் பிரிப்பது மேல். எதுவானாலும் எல்லா நபர்களுக்கும் ஒரே எல்லை. கட்டுரையில் அந்த எண்ணை எழுதுங்கள்.

கண் சிமிட்டலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இமை இறங்கும்போதும் ஏறும்போதும் பாதி மறைந்த கண்மணி, கீழ்நோக்கி ஒரு தாவலும் மேல்நோக்கி ஒரு தாவலும் நடந்ததாகப் பொய் சொல்லும். சிமிட்டலுக்கு முன்னும் பின்னும் 50 முதல் 100 மில்லிநொடி வரை வெட்டி எறியுங்கள். 60 மில்லிநொடிக்கும் குறைவான குட்டி நிலைப்புகளைப் பக்கத்தில் இருப்பதோடு சேர்க்கலாம் அல்லது நீக்கலாம். எதைச் செய்வீர்கள் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கண் எந்த எழுத்தின் மேல் விழுந்தது என்று கணக்கிட எழுத்தைச் சுற்றிப் போடும் எல்லை வட்டத்தை எழுத்தின் அளவுக்கே போடாதீர்கள். கருவியின் பிழையே அரை டிகிரி இருக்கிறது. மேலே சொன்ன கட்டத்தில் 1.5 டிகிரி ஆரம் வைத்தால் பிழைக்கும் இடம் இருக்கும், வட்டங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது.

கேள்வி: மடிக்கணினியின் வெப்கேமை வைத்தே செய்ய முடியாதா?

‘டி–எல்’ தேடலுக்கு முடியாது. பிழை 4 டிகிரி அளவுக்குப் போகும். நம் கட்டம் ஒன்றின் அகலமே அவ்வளவுதான். எந்த எழுத்தைப் பார்த்தார் என்று சொல்ல வழியில்லை. திரையின் இடப்பக்கமா வலப்பக்கமா, எந்தக் கால்பகுதி என்ற அளவில் கேள்வி கேட்டால், வீட்டிலிருந்தபடியே பலரிடம் சோதனை நடத்தலாம்.

கேள்வி: கண் இலக்கின் மேல் விழுந்தும் ‘இல்லை’ என்று பதில் சொல்கிறார்கள். அந்தச் சுற்றுகளைப் பிழை என்று நீக்கிவிடலாமா? (கதிரியக்கவியல் பயிற்சி மருத்துவர்)

நீக்கவே கூடாது. உங்கள் துறையில் மிகப் பயனுள்ள தரவு அதுதான். 1978இல் குண்டல், நோடின், கார்மடி மூவரும் மார்பு எக்ஸ்ரேயில் தவறவிடப்பட்ட நுரையீரல் கட்டிகளைக் கண் பதிவை வைத்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். கண் அந்தப் பக்கமே போகாதவை சுமார் 30 சதவீதம். கண் போயும் நின்று பார்க்காதவை 25 சதவீதம். நன்றாக நின்று பார்த்தும் ‘கட்டி இல்லை’ என்று முடிவு செய்யப்பட்டவை 45 சதவீதம். தவறியவற்றில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டியவையே. முதல் வகைக்குப் படத்தை முறையாக வலம்வரும் பயிற்சி உதவலாம். மூன்றாம் வகைக்கு அதனால் பயனில்லை, எது கட்டி எது ரத்தக்குழாய் என்று பிரித்தறியும் பயிற்சிதான் வேண்டும்.

2013இல் டிரூ, வோ, உல்ஃப் மூவரும் செய்தது இன்னும் கூர்மையானது. நுரையீரல் சிடி படங்களில், சராசரிக் கட்டியைப் போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவத்தைச் செருகினார்கள். 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை கொரில்லா இருந்த இடத்திலேயே நேராக விழுந்திருந்தது. கட்டியைத் தேடும் கண்ணுக்குக் கொரில்லா வேண்டாத பொருள். ‘கண் அங்கே இருந்தது’ என்பதை ‘அவர் அதைக் கண்டார்’ என்று எழுதாதீர்கள். மறுபக்கமும் உண்டு: கவனம் கண்ணுக்கு முன்பாகவே போகும், ஓரப் பார்வையில் ஒன்றைக் கண்டு விலக்கிவிட்டுக் கண்ணை அங்கே அனுப்பாமலும் இருக்கும். கருவி பதிவு செய்வது கண்ணை மட்டும்தான்.

கேள்வி: இலக்கு இல்லாத சுற்றுகள் எத்தனை வைக்க வேண்டும்?

ஆய்வகத்தில் வழக்கம் பாதிக்குப் பாதி. ஆனால் அந்த விகிதமே தேடும் முறையை மாற்றும் என்பதை மறக்காதீர்கள். 2005இல் உல்ஃப், ஹோரோவிட்ஸ், கென்னர் நடத்திய சோதனையில், இலக்கு 50 சதவீதச் சுற்றுகளில் இருந்தபோது தவறவிட்டது சுமார் 7 சதவீதம். 1 சதவீதச் சுற்றுகளில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். அபூர்வமாகத்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் சீக்கிரமே ‘இல்லை’ என்று கைவிடுகிறார்கள். பயணப்பை ஸ்கேனர், நோய்ப் பரிசோதனை போன்ற வேலைகளைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால் பாதிக்குப் பாதி விகிதம் பொருந்தாது. இல்லாத சுற்றில் சரிபார்க்கும் நேரம் என்று ஒன்று கிடையாது. எத்தனை உருவங்களைக் கண் தொட்டது, எத்தனையை இரண்டாம் முறை தொட்டது, கைவிடும்போது தொடாமல் மீந்தவை எத்தனை என்று எண்ணுங்கள்.

கேள்வி: சிவப்பும் மஞ்சளுமாக வரும் வெப்பப் படத்தை முடிவாகக் காட்டலாமா?

கண் அதிகம் நின்ற இடத்தைச் சிவப்பாகக் காட்டும் இந்தப் படம் சுவரொட்டிக்கு அழகாக இருக்கும். அதில் வரிசை இல்லை, நேரம் இல்லை, யார் எப்படிப் பார்த்தார் என்பதும் இல்லை. தேடலில் நமக்கு வேண்டியவை அவைதான். எல்லோரும் நடுப்புள்ளியிலிருந்தே தொடங்குவதால் நடுவில் ஒரு சிவப்புத் திட்டு எப்போதும் வரும். திரை தோன்றும்போது இருந்த அந்த முதல் நிலைப்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். என்ன பணி கொடுத்தீர்கள் என்பதையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். ஒரே ஓவியத்தை வெவ்வேறு கேள்வி கேட்டுப் பார்க்கச் சொன்னபோது கண்ணின் பாதை அடியோடு மாறியதை யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். பணி தெரியாத வெப்பப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.